கிராஜுவிட்டி: கையெழுத்துப் போடும் முன் கணக்கைச் சரிபார்ப்பது எப்படி?

வேலையை விட்டு விலகும்போது தரப்படும் ஃபுல் அண்ட் ஃபைனல் (இறுதிக் கணக்கு) தாளில் கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, ஒற்றை வரியாகத்தான் இருக்கும். அந்தத் தொகை எப்படி வந்தது என்பது இருக்காது. அதனால் கணக்கை நீங்களே போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தகுதி. கடை, அலுவலகம் போன்ற நிறுவனமென்றால் குறைந்தது 10 பேர் வேலை செய்ய வேண்டும். உங்களுக்கு 5 ஆண்டு தொடர் பணி வேண்டும். இறப்பு, ஊனம் என்றால் இந்த 5 ஆண்டு நிபந்தனை கிடையாது. 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி, குறித்த கால ஒப்பந்தத்தில் சேர்ந்தவர்களுக்கும் 5 ஆண்டு தேவையில்லை. நான்கு ஆண்டு முடித்து ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் பழைய சட்டத்தின் கீழ் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் அதைக் காட்டிப் பணம் வாங்க அலைய வேண்டியிருக்கும். சில வாரம்தான் குறைகிறதென்றால் ராஜினாமாவைத் தள்ளிப் போடுவதே புத்திசாலித்தனம்.

சூத்திரம்: கடைசி மாதச் சம்பளம் × 15 ÷ 26 × பணி ஆண்டுகள்.

இதில் ‘சம்பளம்’ என்பதில்தான் சிக்கலே. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேரும். வீட்டு வாடகைப்படி, பயணப்படி போன்றவை சேராது. ஆனால் புதிய சட்டப்படி, அப்படி விலக்கப்பட்டவை மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி சம்பளத்தோடு சேர்ந்துவிடும். மொத்தம் ரூ.30,000, அடிப்படை ரூ.12,000, விலக்கப்பட்டவை ரூ.18,000 என்று வைத்துக்கொள்வோம். பாதி ரூ.15,000. அதைத் தாண்டும் ரூ.3,000-ஐ அடிப்படையோடு கூட்டினால், கணக்குக்கான சம்பளம் ரூ.15,000.

பணிக்காலம் 7 ஆண்டு 8 மாதமா? 6 மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் முழு ஆண்டாகும், ஆக 8. கிடைக்க வேண்டியது ரூ.69,231. அடிப்படையை மட்டும் எடுத்தால் ரூ.55,385 ஆகிவிடும். 26-க்குப் பதில் 30-ஆல் வகுத்தால் ரூ.60,000. ஆண்டை 7 என்று போட்டால் ரூ.60,577. தாளில் உள்ள தொகை இவற்றில் எதோடு ஒத்துப்போகிறது என்று பார்த்தாலே தவறு எங்கே என்பது பிடிபடும்.

சிடிசி-யில் (நிறுவனம் உங்களுக்காகச் செலவிடும் மொத்தத் தொகையின் கணக்கில்) அடிப்படைச் சம்பளத்தின் 4.81 சதவீதம் கிராஜுவிட்டி என்று காட்டியிருப்பார்கள். அது 15-ஐ 26-ஆலும் பிறகு 12-ஆலும் வகுத்து வந்த எண், அவ்வளவுதான். மாதாமாதம் உங்கள் பெயரில் எங்கும் சேர்வதில்லை.

விலகியதும் எழுத்தில் விண்ணப்பித்து, ஒப்புகையுடன் கூடிய ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். மின்னஞ்சலிலும் ஒரு நகல் போகட்டும். சேர்ந்த தேதி, விலகிய தேதி, கடைசி சம்பளச் சீட்டு மூன்றும் இணைப்பில் இருக்கட்டும். நிறுவனம் 30 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாமதமானால் வட்டியும் சேரும். நோட்டீஸ் காலம் குறைந்தது என்று கிராஜுவிட்டியில் கழிக்கச் சட்டத்தில் இடமில்லை. ஊழியர் வேண்டுமென்றோ அலட்சியத்தாலோ நிறுவனத்துக்கு இழப்பு உண்டாக்கிப் பணிநீக்கம் செய்யப்பட்டால், அந்த இழப்பின் அளவுக்குக் கழிக்கலாம்.

பதில் வரவில்லையென்றால், அல்லது தொகை குறைந்தால், தொழிலாளர் துறையில் இதற்கென உள்ள அதிகாரியிடம் விண்ணப்பிக்கலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை. மேலே போட்ட கணக்கை ஒரு தாளில் எழுதி மனுவோடு இணைத்துவிடுங்கள்.