தேசியப் பாதுகாப்பு ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: நெல்லைப் பக்கத்து மாணவர்களுக்கும் வழிகாட்டிகளுக்கும்

திருநெல்வேலியில் உட்கார்ந்துகொண்டு உளவுத்துறையைப் பற்றி என்ன ஆய்வு செய்துவிட முடியும், டெல்லியில் நாலு பேரைத் தெரிந்திருந்தால்தானே ஏதாவது கிடைக்கும் என்று கேட்கும் மாணவர்கள் உண்டு. அவர்களுக்குத் தலையாட்டும் பேராசிரியர்களும் உண்டு. முதல் தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. வள்ளியூரைத் தாண்டித் தெற்கே போனால் கூடங்குளம் அணுமின் நிலையம். மகேந்திரகிரியில் இஸ்ரோவின் ராக்கெட் எஞ்சின் சோதனை வளாகம். விஜயநாராயணத்தில் ஐ.என்.எஸ். கட்டபொம்மன், அதாவது நீருக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிகளுக்கு மிகத் தாழ்ந்த அலைவரிசையில் செய்தி அனுப்ப 1990-இல் தொடங்கப்பட்ட கடற்படை நிலையம். பழைய திருநெல்வேலி மாவட்டத்தைக் கணக்கில் எடுத்தால் கலெக்டர் ஆஷ் சுடப்பட்ட மணியாச்சி ஜங்ஷனும் சேரும். அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் குற்றவியல் துறை வேறு இருக்கிறது. ரகசியம் கிடைக்காததால் கெட்டுப்போன ஆய்வேடு எதையும் நான் பார்த்ததில்லை. வெளியில் கிடக்கும் தாளைச் சரியாகப் படிக்காததால் கெட்டுப்போனவை நிறைய.

கூடங்குளத்தையே எடுத்துக்கொள்வோம். நம் மாணவர்கள் சைபர் பாதுகாப்பு என்றதும் எஸ்தோனியாவிலும் ஈரானிலும் நடந்த தாக்குதல்களைத் தேடிப் போகிறார்கள். ஒரு பஸ் டிக்கெட் தூரத்தில் நடந்ததை ஒரு பத்தியில் முடித்துவிடுகிறார்கள், அதையும் தப்பாக.

2019 அக்டோபர் 28 அன்று, கூடங்குளத்தோடு தொடர்புடைய கணினித் தகவல்கள் மால்வேர் (கணினிக்குள் புகுந்து தீங்கு செய்யும் நிரல்) ஒன்றின் மாதிரிப் பிரதிக்குள் இருப்பதாக ட்விட்டரில் பேச்சு கிளம்பியது. மறுநாள் நிலையத்தின் தகவல் அலுவலர் ஒரு மறுப்பு வெளியிட்டார். பரவுவது தவறான தகவல், இந்திய அணுமின் நிலையங்களின் கட்டுப்பாட்டு அமைப்புகள் தனித்து இயங்குபவை, வெளி வலையமைப்போடும் இணையத்தோடும் தொடர்பில்லாதவை, ஆகவே அவற்றின் மீது சைபர் தாக்குதல் சாத்தியமில்லை என்பது அதன் சாரம். அக்டோபர் 30 அன்று இந்திய அணுமின் கழகமே இன்னொரு அறிக்கை விட்டது. மால்வேர் கண்டறியப்பட்டது சரிதான், கணினிப் பாதுகாப்புக்கான மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு செப்டம்பர் 4 அன்றே தெரிவித்திருந்தது, பாதிக்கப்பட்டது நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு இணைந்த வலையமைப்பில் இருந்த ஒருவரின் கணினி, முக்கியமான உள் வலையமைப்பு அதிலிருந்து பிரிக்கப்பட்டது என்றது.

இதை வைத்து இரண்டு வகை ஆய்வேடுகள் வருகின்றன. ஒன்று, 'அணு உலை மீது தாக்குதல், அரசு மறைத்தது' என்று எழுதும். மற்றது, 'கட்டுப்பாட்டு அமைப்பு பத்திரமாக இருந்தது, ஒன்றும் நடக்கவில்லை' என்று எழுதும். இரண்டு பேருமே அந்த இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கவில்லை. முதல் அறிக்கை கட்டுப்பாட்டு அமைப்பைப் பற்றிப் பேசுகிறது. இரண்டாவது நிர்வாகக் கணினியைப் பற்றிப் பேசுகிறது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் வேறொரு கேள்விக்கு உறுதியாகப் பதில் சொன்னதுதான் முதல் நாள் நடந்தது. என்னைக் கேட்டால், ஒரு முழு ஆய்வுக்கு அதுவே போதும். செப்டம்பர் 4-இலேயே தெரிந்த செய்தி அக்டோபர் 29 அறிக்கையில் ஏன் இல்லை? நிலையத்துக்குள் யாருக்குத் தெரிந்தது, தகவல் அலுவலருக்குச் சொல்லப்பட்டதா? இவை நிர்வாகம் பற்றிய கேள்விகள், கொள்கை பற்றிய கேள்விகள். ரகசியக் கோப்பு கிடைக்காமலே இவற்றில் பாதி தூரம் போகலாம்.

அப்புறம், நிர்வாகக் கணினிதானே என்று தள்ளுவதும் பிழை. பேசப்பட்ட டிட்ராக் என்ற மால்வேர், விசை அழுத்தங்களையும் உலாவி வரலாற்றையும் கோப்புப் பட்டியலையும் சேகரிக்கும் வகை. அது உளவு பார்க்கும் கருவி. உலையை நிறுத்தும் நாசவேலைக் கருவி வேறு. இந்த வேறுபாடு தெரியாமல் எழுதுகிறவர், அதே அக்டோபரில் இரண்டாவது அலகு சில நாள் நின்றிருந்ததையும் இதோடு முடிச்சுப் போட்டுவிடுவார். ஒரே மாதத்தில் நடந்தது என்பதைத் தவிர அவர் கையில் வேறொன்றும் இருக்காது.

'வட கொரியா தாக்கியது' என்று ஒரே வரியில் முடிப்பது அடுத்தது. டிட்ராக்கின் நிரல், லாசரஸ் என்ற ஹேக்கர் குழுவின் பழைய கருவிகளை ஒத்திருக்கிறது என்று பாதுகாப்பு நிறுவனங்கள் சொன்னன. அந்தக் குழு வட கொரிய அரசோடு சேர்ந்தது என்பது இன்னொரு படி. கூடங்குளத்தில் அந்தக் கருவியை ஏவியது அதே குழுதானா என்பது மூன்றாவது படி. அணுமின் கழகத்தின் அறிக்கையில் யார் பெயரும் இல்லை. ஒவ்வொரு படியிலும் எவ்வளவு நிச்சயம் என்று தனித்தனியாக எழுத வேண்டும், முடிந்தால் சதவீதத்தில். 1951-இல் யூகோஸ்லாவியா மீது படையெடுப்பு வருமா என்று அமெரிக்க சி.ஐ.ஏ. ஒரு மதிப்பீடு எழுதியது. அதில் இருந்த 'கணிசமான வாய்ப்பு' என்ற பொருள்படும் தொடருக்கு என்ன அளவு என்று அங்கே மதிப்பீட்டுப் பிரிவில் இருந்த ஷெர்மன் கென்ட் சக ஆய்வாளர்களைக் கேட்டபோது, ஒருவர் 20 சதவீதம் என்றார், இன்னொருவர் 80 என்றார். எல்லாரும் கையெழுத்துப் போட்ட ஒரே அறிக்கை அது.

இனி அடிக்குறிப்பு விவகாரம். முன்னுரையில் திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரத்தைப் போடாத தமிழ் ஆய்வேடு இந்தத் துறையில் அபூர்வம். ஒருவரை ஒருவர் அறியாத மூன்று ஒற்றர்கள் சொல்வது ஒத்துப்போனால்தான் நம்பு என்கிறது அதில் ஒரு குறள். சரி, முன்னுரையில் அதைப் போட்டவரே மூன்றாம் அத்தியாயத்தில் என்ன செய்கிறார்? ஒரே செய்தி ஏஜென்சி அனுப்பிய காப்பியை அச்சிட்ட ஐந்து பத்திரிகைகளை ஐந்து சான்றுகளாக அடுக்குகிறார். அந்த ஏஜென்சிக்கும் மூலம் ஒரு ட்வீட்தான் என்றால், எண்ணிக்கை ஒன்று. செய்தி எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்கு வந்தது என்று பின்னோக்கிப் போய்க்கொண்டே இருங்கள். 'உயர்மட்ட வட்டாரங்கள்' என்ற இடத்தில் தடம் நின்றுவிட்டால், அங்கே நின்றுவிட்டது என்பதையும் எழுதுங்கள். வைவாவில் யாரும் அதற்காக மதிப்பெண் குறைக்கப் போவதில்லை.

பழைய ஆவணம் என்றால் உண்மையாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையும் நம்மிடம் அதிகம். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டார். அவர் சட்டைப்பையில் கிடைத்த கடிதம், ஐந்தாம் ஜார்ஜ் இந்த மண்ணில் கால் வைத்தால் கொல்வதாக மூவாயிரம் பேர் உறுதி எடுத்திருப்பதாகச் சொன்னது. சதி வழக்கில் போலீஸ் நிறுத்தியது பதினான்கு பேரை. மூவாயிரம் என்பது எதிரியை மிரட்ட எழுதிய எண். பதினான்கு என்பது கோர்ட்டில் நிற்கும் என்று வழக்கு நடத்தியவர்கள் நினைத்த எண். இயக்கத்தின் உண்மையான அளவு இரண்டில் எதுவாகவும் இருக்க வேண்டியதில்லை. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து சி.ஐ.டி. அறிக்கைகளைப் படிக்கும்போது, இதை எழுதிய இன்ஃபார்மருக்குக் காசு யார் கொடுத்தார்கள், மேலதிகாரி எதைக் கேட்க விரும்பினார், அப்ரூவர் ஆனவருக்கு, அதாவது கூட்டாளிகளுக்கு எதிராக அரசுத் தரப்புச் சாட்சியாக மாறியவருக்கு, என்ன கிடைத்தது என்ற கேள்விகள் கூடவே இருக்க வேண்டும். தேசபக்தியோடு படித்தாலும் சரி, எரிச்சலோடு படித்தாலும் சரி, இதில் சலுகை கிடையாது.

அதே வழக்கு இன்னொன்றையும் காட்டும். 1908 மார்ச்சில் வ.உ.சி. கைது, அதையொட்டித் திருநெல்வேலி எழுச்சி, அப்போது தூத்துக்குடிப் பக்கம் அதிகாரியாக இருந்த ஆஷ், மூன்று வருடம் கழித்து மணியாச்சி. இன்று திரும்பிப் பார்த்தால் கோடு நேராக இருக்கிறது. 1910-இல் பைலைப் புரட்டிய அதிகாரிக்கு முன்னால் இதைப்போல் நூறு கோடுகள் இருந்திருக்கும், தொண்ணூற்றொன்பது எங்கும் போய்ச் சேராதவை. இதை மறந்துவிட்டு, எது நடந்தாலும் 'உளவுத்துறையின் தோல்வி' என்று தலைப்புப் போடுகிறார்கள். தகவல் சேகரிக்கப்படவே இல்லையா, சேகரித்தும் புரிந்துகொள்ளவில்லையா, புரிந்தும் அடுத்த துறைக்குப் போகவில்லையா, போயும் முடிவெடுப்பவர் பொருட்படுத்தவில்லையா? நான்கும் வேறு வேறு நோய். கார்கில் போருக்குப் பின், திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம் தலைமையில் 1999 ஜூலையில் அமைத்த ஆய்வுக்குழுவின் அறிக்கையை, சில பகுதிகள் நீக்கப்பட்டிருந்தாலும், இந்த நான்கையும் பிரித்துப் பார்க்கும் பயிற்சியாகப் படிக்கலாம். பலர் அதன் பரிந்துரைகளை மட்டும் காப்பி எடுக்கிறார்கள்.

அமைப்புகளைக் குழப்புவது பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். என்.ஐ.ஏ. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பின் சட்டத்தால் உருவான புலனாய்வு அமைப்பு, வழக்குப் போட்டு கோர்ட்டுக்குப் போவது அதன் வேலை. ஐ.பி. உள்நாட்டு உளவு அமைப்பு, உள்துறையின் கீழ். வெளிநாட்டு உளவுக்கான ரா 1968 செப்டம்பரில் அதிலிருந்து பிரிந்தது, அமைச்சரவைச் செயலகத்தின் கீழ். க்யூ பிரிவு தமிழ்நாடு போலீஸின் உளவுப் பிரிவு. முதல் வாரத்திலேயே இதை எழுதிச் சுவரில் ஒட்டிவிடலாம்.

பாடத்திட்டம் போடும் ஆசிரியர்கள் செய்வது இதைவிடப் பெரிய பிழை. அமெரிக்கப் பாடநூலில் உள்ள, உளவு அமைப்புகள் மீதான நாடாளுமன்றக் கண்காணிப்பு அத்தியாயத்தை அப்படியே எடுத்து, இந்தியா என்ற பெயரைப் போட்டுவிடுகிறார்கள். அங்கே 1975-இல் செனட்டர் ஃபிராங்க் சர்ச் தலைமையிலான குழு உளவு அமைப்புகளை விசாரித்த பின் செனட்டிலும் பிரதிநிதிகள் சபையிலும் நிரந்தரக் குழுக்கள் வந்தன. இங்கே ஐ.பி.க்கும் ராவுக்கும் தனிச் சட்டமே இல்லை, அவற்றுக்கென்று நாடாளுமன்றக் குழுவும் இல்லை. அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று 2011-இல் காங்கிரஸ் எம்.பி. மணீஷ் திவாரி கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை. ஏன் ஆகவில்லை, அது இல்லாத இடத்தில் யார் எதைக் கேட்க முடிகிறது என்பதே நம் ஆய்வுக்குரிய கேள்வி. ஒட்டுக்கேட்பு பற்றி எழுதுபவர்களும் 1885 தந்திச் சட்டத்தோடும் 1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்போடும் நிறுத்திவிடுகிறார்கள். 2023-இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்து, 2024 டிசம்பரில் அதன் கீழ் இடைமறிப்பு விதிகளும் வந்தாயிற்று.

தகவல் உரிமைச் சட்டத்தில் ஐ.பி.க்கு மனுப் போட்டுவிட்டு ஆறு மாதம் காத்திருப்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். 24-ஆம் பிரிவில், ஊழல், மனித உரிமை மீறல் குற்றச்சாட்டுகள் தவிர மற்றவற்றுக்கு அந்த அமைப்புகளுக்கு விலக்கு உண்டு. அந்த நேரத்தில் நாடாளுமன்றக் கேள்வி பதில்கள், உள்துறை நிலைக்குழு அறிக்கைகள், சட்டமன்றத்தில் காவல்துறை மானியக் கோரிக்கையின்போது வைக்கப்படும் கொள்கை விளக்கக் குறிப்பு ஆகியவற்றைப் பத்து வருடத்துக்கு வரிசையாகப் படித்திருக்கலாம். ஒரு வருடம் இருந்த பத்தி அடுத்த வருடம் காணாமல் போயிருப்பது கண்ணில் படும்.

ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவரைக் கல்லூரிக்கு அழைத்து, அவர் சொன்ன கதையை மறுநாளே சான்றாக்குவதும் நடக்கிறது. 2021 மே மாத ஓய்வூதிய விதித் திருத்தப்படி, உளவு அமைப்புகளில் வேலை பார்த்தவர்கள் தம் துறை சார்ந்து எதையும் வெளியிட முன்அனுமதி வேண்டும். ஆகவே மேடையில் வருவது பெரும்பாலும் வடிகட்டியது, இல்லையென்றால் சொல்பவருக்கு வசதியானது. தலைப்பு தேடப் பயன்படுத்தலாம்.

கடைசியாகக் களப்பணி. இதில் தவறு நடந்தால் ஆய்வேட்டைத் திருத்துவதோடு போகாது. 1923 அலுவல் ரகசியச் சட்டம் தடைசெய்யப்பட்ட இடம் என்று சொல்லும் வளாகங்கள் நம் மாவட்டத்தில் இருக்கின்றன. விஜயநாராயணத்து ஆன்டெனாக் கம்பங்களைப் போனில் ஜூம் செய்து எடுப்பதும், ட்ரோன் விடுவதும், சாட்டிலைட் படத்தில் அம்புக்குறி போட்டு இணையத்தில் ஏற்றுவதும் ஆய்வாகாது. வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய ரகசிய முத்திரைத் தாளை வைத்திருப்பதும் அப்படித்தான். வந்தால் வழிகாட்டியிடம் உடனே சொல்ல வேண்டும், வழிகாட்டி வக்கீலிடம் கேட்க வேண்டும்.

இடிந்தகரையிலும் கூத்தன்குழியிலும் உவரியிலும் பேட்டி எடுக்கப் போகிறவர்கள் வேறொன்றை நினைவில் வைக்க வேண்டும். அணுமின் நிலைய எதிர்ப்புப் போராட்டத்தின்போது 2011, 2012-இல் அந்தக் கரையில் ஆயிரக்கணக்கானோர் மீது வழக்குகள் பதிவாயின, தேசத்துரோகப் பிரிவிலும். 2013 மே மாதத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்றது. அந்த ஊரில் போய் நோட்டை விரித்து, 'அண்ணாச்சி, உங்க பேரு, அப்பா பேரு, போராட்டத்துல என்ன செஞ்சீங்க' என்று தொடங்கினால் அவர் உங்களைப் போலீஸ் என்று நினைப்பார். நினைப்பதில் தப்பும் இல்லை. இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களுக்குப் போவதாக இருந்தால் முறையான அனுமதியோடுதான் போக வேண்டும். அப்போதும், அந்த மக்கள் க்யூ பிரிவின் கண் முன்னால் வாழ்கிறவர்கள், உங்களோடு பேசியதற்கான விலையை அவர்கள்தான் கொடுப்பார்கள்.

'நீங்க சொல்றது யாருக்கும் தெரியாது' என்று வாக்குக் கொடுக்காதீர்கள். வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான பேச்சுக்குச் சட்டத்தில் உள்ள பாதுகாப்பு, ஆய்வாளரிடம் பேசியவருக்கு இல்லை. சம்மன் வந்தால் நோட்டைக் கொடுக்க வேண்டியிருக்கும். அதனால் பெயரும் படகு எண்ணும் போன் நம்பரும் நோட்டில் ஏறவே கூடாது. குறியீடு மட்டும் போதும். ஒலிப்பதிவு தேவையா என்று முதலில் யோசியுங்கள், தேவையென்றால் அது தானாக கிளவுடில் ஏறாமல் போனில் அமைத்துக்கொள்ளுங்கள். எழுதி முடித்தபின் எதை எப்போது அழிப்பது என்பதைக் களத்துக்குப் போகும் முன்பே ஒரு தாளில் எழுதி, அதில் வழிகாட்டியின் கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள்.