ரோஜா மணத் திரவம்: மென்மையான வாசனையை நம்பிச் செய்யும் தவறுகள்

கல்யாண வாசலில் செம்பிலிருந்து தெளிக்கிற பன்னீரின் மணத்தில் பெரும்பங்கு ஒரே பொருளுடையது. அதன் பெயர் ஃபினைல்எத்தில் ஆல்கஹால். வாசனைத் தொழிலில் சுருக்கமாக பி.இ.ஏ. ரோஜாப்பூவைக் காய்ச்சி வடிக்கும்போது இது எண்ணெயோடு மிதக்காமல் நீரிலேயே கரைந்து தங்கிவிடும். அதனால்தான் வடித்தெடுத்த ரோஜா எண்ணெயில் இது மிகக் குறைவு, பன்னீரில் அதிகம். இன்று புழக்கத்தில் இருப்பது பெரும்பாலும் ஆலையில் செய்தது. ரோஸ்மில்க் எசன்ஸ், சோப்பு, ஊதுபத்தி எல்லாவற்றிலும் இது உண்டு.

முதல் சறுக்கல் வாங்கும்போதே வரும். பெயர் ஒத்திருக்கும் இரண்டு பொருட்கள் சந்தையில் இருக்கின்றன. பினாக்சிஎத்தனால் என்பது கிரீம், ஷாம்பு கெடாமல் இருக்கச் சேர்ப்பது. லேசான ரோஜா வாடையும் அதற்கு உண்டு, ஆனால் உணவுக்கு உரியதல்ல. 1-ஃபினைல்எத்தனால் அதே அணுக்கள், அதே மூலக்கூறு எடை (122), ஆனால் அமைப்பு வேறு, மணமும் வேறு. ஆகவே பெயரை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள்: நமக்கு வேண்டியதன் சிஏஎஸ் எண் (ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் தனியாக உள்ள அடையாள எண்) 60-12-8, சுவையூட்டிக்கான ஃபெமா எண் 2858. மற்ற இரண்டும் முறையே 122-99-6, 98-85-1.

எண் சரியாக இருந்தாலும் தரம் பார்க்க வேண்டும். ‘ரோஸ் பர்ஃப்யூம் ஆயில்’ என்று விற்கும் கலவையை ரோஸ்மில்க்கில் விடவே கூடாது. அதில் டைஎத்தில் தாலேட் போன்ற, வாசனைக்கு மட்டும் பயன்படும் கரைப்பான்கள் இருக்கலாம். உணவுக்கென்றால் உணவுத்தரம் என்ற குறிப்பும் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண்ணும் லேபிளில் இருக்கட்டும்.

அளவில்தான் பெரிய தப்பு நடக்கிறது. பி.இ.ஏ.வின் மணம் மூக்கைத் துளைக்காது. கொஞ்ச நேரம் முகர்ந்தால் மூக்கும் பழகிப்போகும். உடனே “இன்னும் ரெண்டு சொட்டு” என்று கை போகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பானத்துக்கு லிட்டருக்கு சுமார் 2 மில்லிகிராம் போதும். ஐஸ்கிரீம், இனிப்புக்குக் கிலோவுக்குப் பத்தை ஒட்டி. ஒரு சொட்டின் எடையோ ஏறத்தாழ 25 மில்லிகிராம். அதாவது ஒரு லிட்டர் பாலில் ஒரே ஒரு சொட்டு விட்டாலும் தேவையைப் போலப் பத்து மடங்குக்கு மேல் ஆகிவிடும். குடிப்பவருக்குச் சோப்பு நாற்றம்தான் தெரியும், ரோஜா தெரியாது. சொட்டுக் கணக்கை விட்டு எடைக் கணக்குக்கு வாருங்கள்: 1 கிராம் பி.இ.ஏ.வை 99 கிராம் உணவுத்தர புரோப்பிலீன் கிளைக்காலில் கரைத்தால் 1 சதவீதக் கரைசல். அதில் 0.2 கிராம் எடுத்தால் ஒரு லிட்டருக்குச் சரி. கிளைக்காலில் மலிவுச் சரக்கு வேண்டாம்; தொழிற்சாலைத் தரத்தில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் டைஎத்திலீன் கிளைக்கால் கலந்திருக்கும் ஆபத்து உண்டு.

தண்ணீரில் கரையும்தானே என்று நேரடியாகக் கலப்பவர்கள் ஒரு வரம்பை மறக்கிறார்கள். 100 மில்லி நீரில் கரைவது சுமார் 2 கிராம்தான். மிஞ்சியது, எண்ணெய் போல மேலே மிதக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். இதன் அடர்த்தி 1.02, நீரைவிடச் சற்றுக் கனம், அடியில் போய் உட்காரும். குலுக்காமல் ஊற்றினால் முதல் கோப்பை சப்பென்று இருக்கும், கடைசிக் கோப்பையைக் குடிப்பவர் பாவம். மெழுகிலும் கனிம எண்ணெயிலும் இது சரியாகக் கரையாது. பாரஃபின் மெழுகுவர்த்தியின் மேல் வியர்த்ததுபோல் துளிர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

“பி.இ.ஏ.வே கிருமியைக் கொல்லுமே, வேறு பிரிசர்வேட்டிவ் எதற்கு?” என்று வீட்டில் கிரீம் செய்பவர்கள் கேட்பதுண்டு. கொல்லும், ஆனால் மெதுவாக. பூஞ்சையிடம் பலவீனம். அமிலத்தன்மை உள்ள கலவையில்தான் நன்றாக வேலை செய்யும். பிஹெச் 8-ஐத் தாண்டினால் கைவிட்டுவிடும். எண்ணெயையும் நீரையும் கலக்க உதவும் பாலிசார்பேட் 80 சேர்த்தால் அதுவே ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தனியாக இதை நம்ப முடியாது.

சேமிக்கக் கண்ணாடிப் புட்டியே நல்லது. சாதாரண பாலிஎத்திலீன் இதைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொள்ளும், ரப்பர் மூடியும் அப்படியே. டிராப்பரோடு மூடி வைக்காதீர்கள். பாதி காலியான புட்டியில் காற்று பட்டு ஆக்ஸிஜனேற்றம் நடந்தால் ஃபினைல்அசிட்டால்டிஹைடு உருவாகும். ரோஜா மறைந்து பச்சைத் தழையும் தேனும் கலந்த நெடி வரும். சிறிய புட்டிக்கு மாற்றி, நிரப்பி, நிழலில் வையுங்கள்.

பாதுகாப்பில் இரண்டு எல்லைகளிலும் தவறு நடக்கிறது. இது தோலில் ஒவ்வாமை தருவது அரிது. ஆனால் ‘ரோஜா’ என்று விற்கும் கலவைகளில் ஜெரானியால், சிட்ரோனெல்லால் போன்றவையும் சேர்ந்தே வரும், அவை ஒவ்வாமைப் பட்டியலில் உள்ளவை. ஒன்றுக்குக் கிடைத்த நற்சான்றை மொத்தக் கலவைக்கும் கொடுக்க முடியாது. நீர்க்காத திரவம் விழுங்கினால் தீங்கு, கண்ணில் பட்டால் கடும் எரிச்சல். எடை போடும்போது கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள். கண்ணில் தெறித்தால் கான்டாக்ட் லென்ஸைக் கழற்றி ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, எரிச்சல் நிற்காவிட்டால் மருத்துவரிடம் போங்கள். குளிர்ச்சிக்கென்று கண்ணில் பன்னீர் விடும் பழக்கத்துக்கும் இதே எச்சரிக்கைதான்: சொட்டு மருந்தில் இப்பொருள் கால் முதல் அரை சதவீதம் வரை அளந்து, கிருமிநீக்கம் செய்து சேர்க்கப்படுகிறது, எசன்ஸும் குழாய்த் தண்ணீரும் கலந்த பன்னீர்ப் புட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று யாரும் அளப்பதில்லை.