நெபுலைசர் வைக்கும்போது மருந்தை வீணாக்கும் தவறுகள்

குழந்தைகள் வார்டில் புதிதாகச் சேரும் செவிலியர்கள் நெபுலைசர் (திரவ மருந்தை நுண்துளிகளாக்கி மூச்சோடு இழுக்கவைக்கும் கருவி) வைப்பதைப் பார்க்கும்போதெல்லாம் என் பழைய பிழைகள்தாம் கண்முன் வருகின்றன. மூடியைச் சரியாகத் திருகாதது போன்ற சில்லறைப் பிழைகளை விட்டுவிடுகிறேன். அவை கசிந்து தம்மைத் தாமே காட்டிக்கொடுத்துவிடும்.

மாஸ்க்கைத் தள்ளிப் பிடிப்பது

குழந்தை அழுதால் மாஸ்க்கை நான்கு விரல் தள்ளிப் பிடித்து, ஆவியை மூக்கின் பக்கம் காட்டிக்கொண்டிருக்கும் வழக்கம் இன்றும் எனக்கு எரிச்சலூட்டுகிறது. முதல் ஆண்டில், மூச்சிரைப்புடன் வந்த இரண்டு வயதுக் குழந்தைக்கு 20 நிமிட இடைவெளியில் இரண்டு முறை நானும் மூச்சுக்குழலை விரிக்கும் சால்பூட்டமாலை அப்படித்தான் வைத்தேன். வீசிங் குறையாததால், மருந்து பலிக்கவில்லை என்று குறிப்பேட்டில் எழுதினேன். மூத்த செவிலியர் ஒருவர் குழந்தையைத் தாயின் மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, மூக்கும் வாயும் மூடும்படி மாஸ்க்கைப் பொருத்தி, அதே மருந்தை வைத்தார். அரை மணி நேரத்தில் விலா உள்வாங்குவது தணிந்தது. என் குறிப்பை நம்பியிருந்தால் அடுத்ததாக ஊசி மருந்துக்குப் போயிருப்பார்கள்.

மாஸ்க் இரண்டு சென்டிமீட்டர் விலகினாலே மருந்தின் பெரும்பகுதி காற்றோடு போய்விடுகிறது. அழும் குழந்தை ஆழமாக மூச்சிழுப்பதால் மருந்து நன்றாக இறங்கும் என்று பெற்றோர் நம்புவதும் தவறு. அழுகையில் வெளிமூச்சு நீண்டு, உள்மூச்சு வெடுக்கென்று முடிந்துவிடுவதால், துளிகள் தொண்டையில் மோதி வயிற்றுக்குள் போகின்றன. முடிந்தவரை சமாதானப்படுத்திவிட்டு வைக்க வேண்டும். உதடு நீலம் பாய்ந்த குழந்தைக்கு இது பொருந்தாது. அங்கே காத்திருக்காமல் மருத்துவரை அழைக்க வேண்டும்.

கப்பில் குறைவாக ஊற்றுவது

சாதாரண ஜெட் நெபுலைசர் கப்பின் அடியில் ஏறத்தாழ 1 மில்லி மருந்து ஆவியாகாமல் தங்கிவிடும். 2.5 மில்லி மட்டும் ஊற்றினால் ஐந்தில் இரண்டு பங்கு அங்கேயே நின்றுவிடும் என்பதால், மருத்துவர் மறுக்காத நிலையில் நார்மல் சலைன் சேர்த்து 4 மில்லியாக்கலாம். டிஸ்டில்டு வாட்டர் கூடவே கூடாது. அது மூச்சுக்குழலைச் சுருங்கச் செய்யும்.

கப்பைச் சாய்ப்பது

நேராகப் பிடியுங்கள்.

பெரியவர்களுக்கும் மாஸ்க்கையே மாட்டுவது

வாயால் கவ்வ முடிந்தவருக்கு மவுத்பீஸ் போதும். மூச்சுக்குழலை விரிக்கும் இன்னொரு மருந்தான இப்ராட்ரோப்பியம் மாஸ்க்கிலிருந்து கண்ணுக்குள் கசிந்தால் கண்மணி விரியும். கிளாக்கோமா (கண் அழுத்த நோய்) உள்ளவருக்கு அது ஆபத்து.

புடசோனைடுக்குப் பின் அப்படியே விடுவது

இது ஸ்டீராய்டு மருந்து; வைத்த பின் வாய் கொப்பளித்து, முகத்தைத் துடைக்க வேண்டும்.