இறால் சாம்பிளை பிசிஆர் சோதனைக்குக் கெடாமல் அனுப்புவது எப்படி?

குளத்தில் இறால் செத்து ஒதுங்குகிறது; பிசிஆர் (வைரஸின் டிஎன்ஏவைத் தேடிக் கண்டுபிடிக்கும் லேப் சோதனை) ரிப்போர்ட்டிலோ 'நெகட்டிவ்', அதாவது வைரஸ் இல்லை என்கிறது. உடனே லேபைத் திட்டுவோம். ஆனால் சாம்பிள் அங்கே போய்ச் சேரும் முன்பே வைரஸின் டிஎன்ஏ சிதைந்திருக்கலாம். இறால் செத்ததும் அதன் உடலில் உள்ள நொதிகளே டிஎன்ஏவைத் துண்டாட ஆரம்பித்துவிடும். வெயிலில் கிடந்தால் இன்னும் வேகம். வெள்ளைப்புள்ளி வைரஸ் நோய்க்கு எப்படி சாம்பிள் எடுத்து வைப்பது என்று பார்ப்போம்.

படி 1: கரையோரம் ஒதுங்கி, சாகும் தறுவாயில் இருக்கும் இறாலைப் பிடியுங்கள். செத்து நிறம் மாறியது வேண்டாம்.

படி 2: செவுள் அல்லது நீந்துகாலை வெட்டி எடுங்கள். இறாலின் கண்ணைச் சேர்க்காதீர்கள், அதிலுள்ள பொருட்கள் பிசிஆர் வினையையே தடுத்துவிடும். தலைக்குள் இருக்கும் செரிமானச் சுரப்பியும் இதற்கு ஆகாது. ஆனால் இஎச்பி ஒட்டுண்ணியைத் தேடுகிறீர்கள் என்றால் கதையே வேறு, அது குடியிருப்பதே அந்தச் சுரப்பியில்தான்.

படி 3: இங்கேதான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். வெட்டிய திசுவை எத்தனாலில் (ஆல்கஹால்) போட்டு வையுங்கள். திசு ஒரு பங்கு என்றால் 95% எத்தனால் பத்துப் பங்கு இருக்க வேண்டும். திசுவிலிருந்து நீர் கசிந்து எத்தனாலை நீர்க்கச் செய்யும். குப்பி நிறையத் திசுவை அடைத்தால் எத்தனால் பாதுகாக்கும் வலுவை இழந்துவிடும். துண்டு சிறிதாக இருக்கட்டும், தடித்த துண்டின் நடுப்பகுதிக்கு எத்தனால் போய்ச் சேர நேரமாகும், அதற்குள் நொதிகள் வேலையை முடித்துவிடும்.

திசுவைப் பதப்படுத்தும் டேவிட்சன் கரைசலில் போட்டு பிசிஆருக்கு அனுப்பாதீர்கள். நுண்ணோக்கியில் பார்க்க அது அருமையானது. ஆனால் அதிலுள்ள அமிலம் டிஎன்ஏவை உடைக்கும், ஃபார்மலின் அதைப் புரதங்களோடு பிணைத்துவிடும். இரண்டு சோதனையும் வேண்டுமா? இரண்டு குப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 4: குளத்தின் எண், தேதி எல்லாவற்றையும் பென்சிலால் சீட்டில் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். மார்க்கர் மையை எத்தனால் கரைத்துவிடும்.

படி 5: எத்தனால் இல்லாமல் உறைய வைத்து அனுப்பினால், வழியில் உருகவே கூடாது. உருகி உறைந்தால் பனிப்படிகங்கள் கிழித்த செல்களிலிருந்து நொதிகள் வெளியே வந்துவிடும். மஞ்சள்தலை நோய் போன்ற ஆர்என்ஏ வைரஸ்களுக்கு இன்னும் கவனம் தேவை, ஆர்என்ஏ டிஎன்ஏவைவிடச் சீக்கிரம் சிதையும்.

அப்புறம், ரிப்போர்ட் வந்ததும் லேபில் ஒன்று கேளுங்கள்: இறாலின் சொந்த மரபணு சோதனையில் தெரிந்ததா? அதுவே தெரியவில்லை என்றால் சாம்பிளின் டிஎன்ஏ கெட்டிருக்கலாம், இல்லை சோதனையே சரியாக நடக்காமல் போயிருக்கலாம்; அந்த 'நெகட்டிவ்' செல்லாது. புது சாம்பிள் எடுத்து அனுப்புங்கள்.