வளர்ந்த பிள்ளைகளோடு மும்பைக்கு ஐந்து நாள்

"நான் வரல" என்று மகள் சொன்ன நாளில்தான் எங்கள் மும்பைப் பயணத்துக்கு உருப்படியான திட்டம் ஒன்று கிடைத்தது. அதற்கு முன் நானும் அவள் அப்பாவும் ஒரு வாரம் உட்கார்ந்து, காலை 6.30-க்குக் குளியல் என்பதில் தொடங்கி இரவு 9-க்குப் படுக்கை என்பது வரை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தோம். வாங்கிப் புரட்டிப் பார்த்தவள், "இது டூர் இல்லம்மா, ஸ்பெஷல் கிளாஸ்" என்று மூடி வைத்துவிட்டாள். அவளுக்கு 16 வயது, தம்பிக்கு 13. பிள்ளைகள் இடுப்பில் இருந்தபோது எங்கே தூக்கிப் போனாலும் வந்தார்கள். இந்த வயதில் அவர்களைக் கேட்காமல் போட்ட திட்டத்தைத் தோளில் போட்டுச் சுமக்க வேண்டியவர்கள் நாம்தான்.

அந்த நோட்டில் இன்னொரு கூத்தும் இருந்தது. எலிபெண்டா குகைக்குத் திங்கட்கிழமை என்று எழுதியிருந்தோம். திங்கட்கிழமை அங்கே விடுமுறை. கண்டுபிடித்தது மகள். "எங்ககிட்ட குடுங்க, நாங்க பாத்துக்கிறோம்" என்றாள். சரி என்று கொடுத்தோம்.

கொடுத்த விதத்தைச் சொல்கிறேன், உங்களுக்கு உதவும். ஐந்து நாளில் முதல் நாள் சொந்தக்காரர் வீட்டுக்கு. இரண்டாம் நாள் மகளுடையது. மூன்றாம் நாள் மகனுடையது. நான்காம் நாள் எங்களுடையது. ஐந்தாம் நாளில் எதுவும் கிடையாது. பிள்ளைகள் இருவரிடமும் அவரவர் நாளுக்கு 2,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்துவிடுவோம். நான்கு பேருக்கும் வண்டிச் செலவு, சாப்பாடு, நுழைவுச் சீட்டு எல்லாம் அதற்குள். எங்கே, எப்போது, எந்த வழியாக, அன்றைக்கு அந்த இடம் திறந்திருக்குமா என்பதையெல்லாம் அவர்களே பார்க்க வேண்டும். மற்ற மூவரும் சாயங்காலம் வரை முணுமுணுக்கக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனையால் அதிகம் அவதிப்பட்டவர் என் கணவர்.

காலத்தை யோசிக்கவே வேண்டாம், அரையாண்டு விடுமுறைதான். மே மாதம் மும்பையில் வேர்த்துக் கொட்டும். ஜூன் நடுவில் மழை பிடித்துக்கொண்டால் செப்டம்பர் வரை விடாது. டிசம்பர் கடைசியில் காற்று இதமாக இருக்கும். ஆனால் கிறிஸ்துமஸ், புத்தாண்டுக்கு ஊரே அங்கே கூடும், அறை வாடகையும் ஏறும். 31-ம் தேதி இரவு கேட்வே ஆஃப் இந்தியா பக்கமோ மெரைன் டிரைவ் பக்கமோ பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். நாங்கள் 30-ம் தேதியே கிளம்பிவிட்டோம்.

ரயிலில் இப்போது 60 நாளுக்கு முன்புதான் முன்பதிவு திறக்கிறது. விடுமுறைக் காலத்தில் முதல் நாள் காலையிலேயே எடுத்துவிட வேண்டும். 12 வயது ஆகிவிட்டால் ரயிலில் முழு டிக்கெட், விடுதிகள் பலவற்றிலும் முழு ஆள் கணக்கு. "பிள்ளைங்கதானே" என்று ஓர் அறை போட்டு நான்கு பேர் நெருக்கலாம் என்று நினைத்தால் வரவேற்பு மேஜையில் பேச்சு வாங்குவீர்கள். எத்தனை பேர், என்ன வயது என்பதை முதலிலேயே சொல்லி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் ஆதார் அட்டையையும் எடுத்துப் போங்கள். திருநெல்வேலியிலிருந்து தாதருக்கே ரயில் இருக்கிறது, ஒன்றரை நாள் ஆகும். போகும்போது ரயில், வரும்போது மதுரைக்கு விமானம் என்று வைத்தோம். போகும் ரயிலில் இரண்டும் தூங்கியே தீர்த்தன.

தங்குவதற்கு மாதுங்கா. கொலாபா, ஃபோர்ட் பக்கம் இடங்களைப் பார்க்க வசதிதான், வாடகை நமக்கு வசதியில்லை. மாதுங்காவில் மத்திய ரயில் தடத்துக்கு ஒரு ஸ்டேஷன், மேற்குத் தடத்துக்கு மாதுங்கா ரோடு, ஹார்பர் தடத்துக்குக் கிங்ஸ் சர்க்கிள் என்று மூன்றும் நடக்கும் தூரம். அதைவிட முக்கியமான காரணம் இட்லி. தலைமுறைகளாகத் தமிழர்கள் இருக்கிற இடம். காலையில் ஃபில்டர் காபியும் பூக்கடையும் தமிழிலேயே கிடைக்கும். மாதுங்கா ஸ்டேஷனில் 2017-லிருந்து வேலை பார்ப்பவர்கள் எல்லாருமே பெண்கள் என்று மகள் எங்கேயோ படித்துவிட்டு வந்து, டிக்கெட் கவுன்டரில் எட்டிப் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டாள். ஒன்று, அங்கே நின்று ஆட்டோ தேடாதீர்கள். சயான், மாஹிம் தாண்டித் தெற்கே ஆட்டோ கிடையாது, கறுப்பு மஞ்சள் டாக்ஸிதான்.

முதல் நாள் தாராவி, 90 அடி சாலைப் பக்கம் சித்தப்பா வீடு. நம் மாவட்டத்து ஆட்கள் அங்கே எவ்வளவு பேர் என்பது எல்லாருக்கும் தெரியும். கேமராவைத் தூக்கிக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போகிற இடமாக அதை நினைப்பது எனக்குப் பிடிக்காது. சொந்தம் இருந்தால் போங்கள், தோல் சாமான் வாங்கப் போங்கள். மகன் ஒரு பெல்ட் வாங்கினான். சித்தப்பா பேரன் அவனை உட்கார வைத்து ஒரு மணி நேரம் இந்தி சொல்லிக் கொடுத்தான். "கித்னா" (எவ்வளவு), "உதர்னா ஹை" (இறங்கணும்), "பையா, தோடா ஹட்டோ" (அண்ணா, கொஞ்சம் நகருங்க). மூன்று வாக்கியம். அதை வைத்தே ஐந்து நாளை ஓட்டினான்.

மகளின் நாள் 10.30-க்குத் தொடங்கியது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: இந்த வயதுப் பிள்ளைகளுக்கு விடுமுறையில் காலை என்ற ஒன்று இல்லை. எழுப்பி எழுப்பி நம் நாளும் கெடும். நாங்கள் இருவரும் 7 மணிக்கே எழுந்து நடந்து, காபி குடித்து, பேப்பர் வாங்கி, அவர்களுக்குப் பார்சல் கட்டிக்கொண்டு வந்தோம். கல்யாணமான புதிதுக்கு அப்புறம் அப்படி நடந்ததில்லை. மும்பைக்கும் இதுதான் ஒத்துவரும். காலை 8-லிருந்து 11 வரை லோக்கல் ரயில் முழுக்கத் தெற்கே வேலைக்குப் போகிறவர்கள்தான்.

அவளுக்குப் படம் வரையப் பிடிக்கும். சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸுக்கு எதிர்ப்பக்கம் நடைபாதையில் நோட்டை விரித்து உட்கார்ந்துவிட்டாள். ஸ்டீவன்ஸ் என்பவர் வடிவமைத்து 1888-ல் முடிந்த கட்டடம். 2004-லிருந்து உலகப் பாரம்பரியச் சின்னம். வாசல் தூண் ஒன்றில் சிங்கம், மற்றதில் புலி. சிங்கம் இங்கிலாந்துக்கு, புலி நமக்கு. அவள் புலியை மட்டும் வரைந்தாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. என் கணவர் மணிக்கட்டைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார். நிபந்தனை நினைவிருந்ததால் வாய் திறக்கவில்லை.

அப்புறம் சத்ரபதி சிவாஜி மகாராஜ் அருங்காட்சியகம், பழைய பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மியூசியம். அதற்குப் பக்கத்திலேயே ஜஹாங்கீர் ஆர்ட் கேலரி, உள்ளே போகக் கட்டணம் இல்லை. பிள்ளைகளைத் தனியாக விட்டுப் பழக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. சுற்றுச்சுவர், காவலாளி, ஒரே வாசல் எல்லாம் உண்டு. "ரெண்டு மணி நேரம், இந்த ரெண்டு கட்டடத்த விட்டு வெளிய போகக் கூடாது, 4 மணிக்கு வாசல்ல" என்று விட்டுவிட்டு நாங்கள் டீ குடிக்கப் போனோம். 3.55-க்கே வாசலில் நின்றார்கள். முதல் தடவையே கொலாபா கடைவீதியில் விட்டிருந்தால் நான் தொண்டை அடைத்தே செத்திருப்பேன். பிறகுதான் அங்கே விட்டேன். ஒரு கம்மலுக்கு 300 என்றவனிடம் கால்குலேட்டரில் 80 என்று தட்டிக் காட்டி, 120-க்கு வாங்கி வந்தாள்.

இனி மகனின் நாள். அங்கேதான் எல்லாம் நடந்தது.

அவன் திட்டம் வெறும் கிரிக்கெட். 2011 உலகக் கோப்பையில் தோனி கடைசி சிக்ஸர் அடித்த வான்கடே மைதானத்தை வெளியிலிருந்து பார்ப்பது, ஓவல் மைதானம், மெரைன் டிரைவ், பிறகு பாந்த்ரா கடற்கரையில் சூரியன் மறைவதையும் ஏதோ ஒரு நடிகர் வீட்டு வாசலையும் பார்ப்பது. ஓவல் மைதானம் எனக்கே பிடித்துப் போனது. ஒரு பக்கம் உயர் நீதிமன்றமும் பல்கலைக்கழகத்தின் ராஜாபாய் மணிக்கூண்டும். எதிர்ப்பக்கம் 1930-கள் வாக்கில் வந்த, ஆர்ட் டெகோ என்கிற கட்டடப் பாணி வீடுகள். நடுவில் புல்வெளி, அதில் ஒரே நேரத்தில் எத்தனையோ ஆட்டங்கள். ஓர் ஆட்டத்தின் ஃபைன் லெக் ஆள், இன்னோர் ஆட்டத்தின் பிட்ச் ஓரத்தில் நிற்கிறான். "ஏம்மா, அந்த அண்ணன் எந்த மேட்ச்?" என்று மகன் கேட்டான். கடைசி வரை தெரியவில்லை. இரண்டு மணி நேரம் வேர்க்கடலையோடு உட்கார்ந்திருந்தோம்.

லோக்கல் ரயிலைப் பற்றி முந்தின இரவே அவன் எங்களுக்குப் பாடம் எடுத்திருந்தான். பலகையில் ஊர் பெயருக்குப் பக்கத்தில் எஸ் என்றால் ஸ்லோ, எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும்; எஃப் என்றால் ஃபாஸ்ட், பலவற்றில் நிற்காது. சாதாரண டிக்கெட்டோடு முதல் வகுப்பில் ஏறினால் அபராதம். பெண்கள் பெட்டியில் 12 வயதைத் தாண்டிய பையன் ஏறக் கூடாது. ஒரு நாள், மூன்று நாள், ஐந்து நாள் என்று சுற்றுலா பாஸ் உண்டு. அதை எடுத்துவிட்டால் ஒவ்வொரு தடவையும் வரிசையில் நிற்க வேண்டாம். கடைசியில் இன்னொன்றும் சொன்னான்: "பிரிஞ்சு போயிட்டா, எறங்குனவங்க நின்ன எடத்துலயே நிக்கணும். எறங்காதவங்கதான் திரும்பி வரணும்." நாங்கள் சிரித்தோம்.

மாலை 5 மணி தாண்டி சர்ச்கேட்டில் ஏறினோம். வண்டி, பாந்த்ராவைத் தாண்டி வெகுதூரம் போகிற விரார் ஃபாஸ்ட். நானும் மகளும் பெண்கள் பெட்டி. அப்பாவும் மகனும் பொதுப் பெட்டியில் இடம் காலியாக இருக்கிறதே என்று உள்ளே தள்ளிப் போய் உட்கார்ந்துவிட்டார்கள். தாதரில் ஏறிய கூட்டத்தை நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன். பாந்த்ரா வருவதற்கு முன்னால் ஒரு அக்கா என் தோளைத் தட்டி, "உதர்னா ஹை?" என்று கேட்டு, என்னைத் தனக்கு முன்னால் நகர்த்தி, வண்டி நின்றதும் அப்படியே தள்ளிவிட்டார். இறங்கிவிட்டோம். வண்டி போய்விட்டது. பிளாட்ஃபாரத்தில் என் கணவரும் இல்லை, பையனும் இல்லை.

போன் அடித்தால் எடுக்கவில்லை. பையில் வைத்து ஜிப் போட்டிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. நான் ஸ்டேஷன் மாஸ்டரைத் தேடக் கிளம்பினேன். மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவன் சொன்னான்லம்மா. இங்கயே நில்லு." நின்றோம். அங்கே அந்தேரியில் இறங்கிய என் கணவர் வெளியே போய் டாக்ஸி பிடிக்கலாம் என்றிருக்கிறார். மகன் விடாமல் எதிர்ப் பிளாட்ஃபாரத்துக்கு இழுத்துப் போய், தெற்கே வருகிற ஸ்லோ வண்டியில் ஏற்றியிருக்கிறான். நாற்பது நிமிடம். சூரியன் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. நான் அழுதுகொண்டே அவனை அடிக்கக் கை ஓங்கினேன், அவன் சிரித்துவிட்டான்.

ஆகவே: கூட்ட நேரத்தில் கிட்டத்து ஸ்டேஷனுக்குத் தூரத்து ஃபாஸ்டில் ஏறாதீர்கள், போரிவலியோ அந்தேரியோ போகிற ஸ்லோவில் ஏறுங்கள். இரண்டு ஸ்டேஷன் முன்பே எழுந்து வாசல் பக்கம் நகருங்கள், பிளாட்ஃபாரம் எந்தப் பக்கம் வரும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். போன் சட்டைப் பையில், சத்தத்தோடு. விடுதி முகவரியை ஒரு சீட்டில் எழுதி ஒவ்வொருவர் பையிலும் போடுங்கள். சார்ஜ் தீர்ந்தாலும் சீட்டு இருக்கும். ரயிலில் உதவிக்கு 139, மற்றபடி 112. வாசலில் தொங்கக் கூடாது என்பதை மட்டும் திட்டியே சொல்லுங்கள், அதில் ஜனநாயகம் வேண்டாம்.

எங்கள் நாள், எலிபெண்டா. கேட்வேயிலிருந்து படகில் ஒரு மணி நேரம். 2024 டிசம்பரில் அந்தக் கடலில் பெரிய விபத்து நடந்தது. லைஃப் ஜாக்கெட்டை வாங்கிப் போட்டுக்கொண்டுதான் உட்கார வேண்டும், "வேர்க்குது" என்றால் விடாதீர்கள். கரையிலிருந்து மேலே சுமார் 120 படி. குரங்குகள் குளிர்பானப் பாட்டிலைப் பார்த்தால் பறித்துவிடும்; மகனுடையது போயிற்று. மூன்று முகச் சிவன் 20 அடி உயரம் இருக்கும். மகள் அரை மணி நேரம் பேசாமல் நின்றாள். மகன் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுப் பசிக்குது என்றான்.

பசி என்றதும் ஞாபகம் வருகிறது. இவர்களுக்கு இரண்டரை மணி நேரத்துக்கு ஒரு முறை வயிற்றில் ஏதாவது விழ வேண்டும். சண்டை வரும்போதெல்லாம் நான் முதலில் மணியைத்தான் பார்ப்பேன். வடா பாவ் கைவசம் இருக்கிற ஊரில் இது பெரிய பிரச்சினை இல்லை. 1966-ல் தாதர் ஸ்டேஷன் வாசலில் பிறந்ததாகச் சொல்வார்கள். பன்னுக்குள் உருளைக்கிழங்கு போண்டா, சிவப்பாகப் பூண்டுப் பொடி, ஒரு பொரித்த பச்சை மிளகாய். அதில் மகன் கணக்கு மொத்தம் பதினொன்று.

ஐந்தாம் நாளை நாங்கள் காலியாக விட்டது புண்ணியம். மதியத்துக்கு மேல்தான் விமானம். விமான நிலையத்துக்குப் போகிற வழி எந்நேரமும் அடைக்கும் என்று சித்தப்பா சொன்னதால் நான்கு மணி நேரம் முன்னதாகக் கிளம்ப முடிவு செய்திருந்தோம். காலையில் நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது இரண்டு பேரும் தாங்களாகவே எழுந்து, "கீழ போயிட்டு வரோம்" என்று போனார்கள். நான் எங்கே என்று கேட்கவில்லை. ஜன்னலில் மட்டும் நின்றேன். முக்கால் மணி நேரம் கழித்து நான்கு பேருக்கு இட்லிப் பார்சலும், எனக்கு ஒரு முழம் மல்லிகையும் வந்தன. பூக்காரம்மா நம்ம ஊர்ப் பக்கமாம். கொடுத்த பணத்தில் மீதி 40 ரூபாய்க்கு இன்னும் கணக்கு வரவில்லை.