எர்ஷைனுங்னு வந்தா எப்படி அர்த்தம் எடுக்கறது?

ஜெர்மன் படிக்கறவங்க ஓரளவு நியூஸ் வாசிக்க ஆரம்பிச்சதும் இந்த எர்ஷைனுங் (Erscheinung)ங்கற வார்த்தைல மாட்டிக்குவாங்க, டிக்‌ஷனரில தோற்றம், நிகழ்வு, காட்சின்னு வரிசையா போட்டிருக்கும், எதை எடுக்கறதுன்னே புரியாது. முதல்ல அந்த வார்த்தைய விட்டுட்டு அது கூட என்ன ஒட்டியிருக்குன்னு பாருங்க.

முன்னாடி வேற சொல் ஒட்டியிருந்தா பாதி வேலை முடிஞ்சுது. நாட்டூர்எர்ஷைனுங்னா மின்னல், வானவில் மாதிரி இயற்கைல நடக்கறது. டாக்டர் ஆல்ட்டர்ஸ்எர்ஷைனுங்னு சொன்னா வயசானா வர்ற கோளாறு, மாங்கல்எர்ஷைனுங்னா சத்து குறைஞ்சா உடம்பு காட்டற அறிகுறி. இங்க போய் "வயதான தோற்றம்"னு எழுதிட்டா மூட்டுவலிக்காரர நரைச்ச தலைக்காரரா ஆக்கிடுவோம், தயவுசெஞ்சு அத மட்டும் பண்ணாதீங்க. எர்ஷைனுங்ஸ்யார்னு பின்னாடி ஒட்டினா புத்தகம் வெளிவந்த வருஷம், அவ்ளோதான்.

ஒரு ஆளைப் பத்தி சொன்னா அது அவரோட உடை, நடை எல்லாம் சேர்ந்த தோரணை. பாக்க எப்படி இருக்கார்ங்கறதுக்கு அவுஸ்ஸேயன்னு தனியா சாதாரண வார்த்தை இருக்கு.

அடுத்து வினைச்சொல்லப் பாருங்க. ஹாபன் (haben, இருக்கறது) வந்து "ஒருத்தருக்கு எர்ஷைனுங் இருந்துச்சு"ன்னா அவர் ஏதோ காட்சி கண்டிருக்கார். மரியன்எர்ஷைனுங்னா மாதா காட்சி கொடுத்தது. ஜனவரி 6 எர்ஷைனுங் டெஸ் ஹெர்ன், நம்ம கத்தோலிக்க கோயில்ல திருக்காட்சிப் பெருவிழான்னு சொல்றதும் இதத்தான், இவ்ளோ அழகா பொருந்தற சொல் நம்மகிட்ட இருக்கறது எனக்கு ரொம்ப சந்தோஷம்.

ட்ரேட்டன் (treten, அடியெடுத்து வைக்கறது) வந்தா பிரிச்சு பாக்காதீங்க, இன் எர்ஷைனுங் ட்ரேட்டன்னா வெளிப்படறது, தலைகாட்டறது. க்ரைம் நியூஸ்ல ஒருத்தர் ஏற்கனவே பொலித்ஸைலிஷ் இன் எர்ஷைனுங் கெட்ரேட்டன்னு இருந்தா, அவர் முன்னாடியே போலீஸ் கண்ணுல பட்டவர்னு அர்த்தம்.

கடைசியா தத்துவம், இங்கதான் நிறைய பேர் சறுக்கறாங்க. 1781ல வந்த, ஜெர்மன் தத்துவவாதி காண்ட்டோட பெரிய புத்தகத்துல எர்ஷைனுங்னா ஒரு பொருள் நம்ம புலனுக்கும் அறிவுக்கும் தெரியற விதம், அது தன்னளவுல எப்படி இருக்குங்கறது வேற விஷயம். ஆனா அதுக்காக மாயைன்னு மொழிபெயர்க்காதீங்க, மாயைக்கு அவர் ஷைன்னு வேற சொல் வச்சிருக்கார், ரெண்டையும் குழப்பிக்கக் கூடாதுன்னு அவரே தெளிவா எழுதியும் இருக்கார். இந்த இடத்துல "தோற்றம்"னே போடுங்க, முன்னாடி "வெறும்"னு மட்டும் சேத்துடாதீங்க.