சிகானோ சமூகத்தின் தான்சா: மீட்டெடுப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் வாழும் மெக்சிக வம்சாவளியினர் தங்களைச் சிகானோ என்று அழைத்துக்கொண்டு உரிமைப் போராட்டத்தில் இறங்கிய காலத்தில், அவர்கள் தேடிச் சென்ற வேர்களுள் ஒன்று ‘தான்சா’ என்னும், மெக்சிகோவின் பழங்குடியினரான ஆஸ்டெக்குகளின் நடனச் சடங்கு. 1970களில் ஃப்ளோரென்சியோ யெஸ்காஸ், ஆந்த்ரெஸ் செகுரா ஆகிய ஆசான்கள் மெக்சிகோவிலிருந்து வந்து அதைக் கற்பித்தனர்.

ஸ்பானியர் வருகைக்கு முந்தைய நடனமே மாசுபடாமல் கைக்கு வந்து சேர்ந்ததாக எண்ணுவதுதான் முதல் தவறு. என் பார்வையில் மிகப் பெரியதும் அதுவே. இடையில் இதைக் காப்பாற்றியவர்கள் கொன்ச்செரோக்கள். மெக்சிகோவின் கெரேத்தாரோ நகரிலுள்ள சங்கிரெமால் குன்றில் 1531இல் தோன்றியதாகத் தங்கள் மரபைச் சொல்லும் இவர்கள், ஆர்மடில்லோ என்னும் விலங்கின் ஓட்டால் செய்த நரம்புக் கருவியை மீட்டி, கோப்பல் பிசின் புகைக்கு நடுவே விடிய விடியக் கத்தோலிக்கப் புனிதர்களைத் துதித்துப் பாடுபவர்கள். சிலுவை வேண்டாம் என்று இன்றைய குழுவொன்று முடிவெடுக்கலாம், அது அவர்கள் உரிமை; ஆனால் சிலுவையே இருந்ததில்லை என்று இளையோருக்குச் சொல்லிக்கொடுப்பது, மரபைச் சுமந்து வந்தவர்களையே அழித்துவிடுவதாகும்.

சடங்கை மேடை நிகழ்ச்சியாக்குவது அடுத்தது. வட்டத்தின் நடுவில் வேவெட்ல் என்னும் நெட்டை முரசு நிற்கும். நான்கு திசைகளிடமும் அனுமதி கேட்ட பிறகே ஆட்டம் தொடங்கும். கணுக்காலில் குலுங்கும் ஆயோயோத்தே, நம் ஊர்ப் பொன்னரளிக்கு உறவான மரத்தின் காய்ந்த கொட்டைகளைக் கோத்த சலங்கை. பார்வையாளருக்காக வட்டத்தை உடைத்து வரிசையாக நிறுத்தினால், ஆடுவோர் ஒருவரையொருவர் பார்க்கும் முறையே போய்விடுகிறது.

தலையணிக்கான இறகிலும் கவனம் தேவை. அமெரிக்காவின் 1918, 1940ஆம் ஆண்டுப் பறவைப் பாதுகாப்புச் சட்டங்கள் பல பறவைகளின் இறகை வைத்திருப்பதையே தடை செய்கின்றன. கழுகிறகுக்கான சமய விலக்கு, கூட்டரசு ஏற்ற பழங்குடிகளின் பதிவுபெற்ற உறுப்பினருக்கே உரியது. பெரும்பாலான சிகானோக்கள் அப்படிப் பதிவு பெற்றவர்கள் அல்லர். ஃபெசன்ட் கோழியின் நீண்ட வால் இறகுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

எல்லாப் பழங்குடியினரையும் ஆஸ்டெக் என்ற ஒரே பெயருக்குள் அடைப்பதும் பிழை. பல சிகானோக்களின் முன்னோர், வேறு பழங்குடிகளான யாக்கியராகவோ புரேப்பெச்சாவாகவோ இருந்திருக்கலாம். கலிபோர்னியாவின் சான் டியேகோவில் 1970 ஏப்ரல் 22 அன்று மக்கள் போராடிக் கைப்பற்றிய சிகானோ பூங்கா கூமியாய் மக்களின் பூர்வீக நிலத்தில் உள்ளது. அவர்கள் இன்றும் அதே மாவட்டத்தில் வாழ்கிறார்கள். திசைகளிடம் அனுமதி கேட்கும் குழு, அதற்கு முன் அவர்கள் வீட்டு வாசலுக்குப் போய்க் கேட்டிருக்க வேண்டும்.